அறுந்த கயிற்றை உடம்பு திரிக்கும் வரை

அம்சவல்லியைப் பற்றி மரக்காணத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். உப்பளத்தில் கூடை சுமக்கும் பெண்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வைக்கவில்லை என்று, தலையில் இருந்த உப்பைக் கூடையோடு வரப்பில் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தவள் அவள். முதலாளி வந்து, "இன்னாம்மா, திமிரா?" என்று கேட்டார். "திமிரு இல்லீங்க, தாகம்" என்றாள். அன்று மதியத்துக்குள் நீல டிரம்மில் தண்ணீர் வந்துவிட்டது.

நானும் அவளும் எட்டாவது வரை ஒரே பெஞ்சு. அதற்கப்புறம் நான் விலங்கியல் படித்து, இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே உயிரியல் டீச்சராகச் சேர்ந்தேன். அவள் சேட்டுவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு அளத்துக்குப் போனாள். எனக்கும் கோபம் மூக்கின்மேல்தான் உட்கார்ந்திருக்கும். அதனாலேயே எங்கள் சிநேகிதம் நிலைத்தது என்று நினைக்கிறேன். ஒருத்தி கத்தினால் மற்றவள் பதிலுக்குக் கத்துவாள், மனசில் எதுவும் தங்காது. "அடியே ஷமீமா, உன் வாய்க்கு நீ வாத்தியாரா இருக்குற, என் வாய்க்கு நான் உப்பு அள்ளுறேன். கொடுமைய பாரு" என்பாள்.

சேட்டு நேர் எதிர். அவனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க வேண்டுமென்றால் ஒரு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அண்ணன் தனகோடிதான் அவனைத் தோளில் சுமந்து வளர்த்தார். கல்யாணம், காதுகுத்து, மருத்துவச் செலவு எல்லாவற்றிலும் அந்த வீட்டில் தனகோடி சொன்னதுதான் முடிவு. சேட்டு தலையை ஆட்டுவான், அம்சவல்லி முணுமுணுப்பாள், கடைசியில் அவர் சொன்னதே நடக்கும். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் தனக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே கிடையாது.

எங்கள் ஊர் அளத்துக்காரர்கள் பாத்திக்குள் செருப்போடு இறங்க மாட்டார்கள். உப்பு லட்சுமி. அதோடு, மிதித்து மிதித்து இறுக்கி வைத்த தரை செருப்புப் பட்டால் குழம்பிவிடும். வெறுங்காலில் நிற்பவர்களுக்கு வெட்டும் குத்தும் தினப்படி சங்கதி. அதற்கும் அவர்களிடம் வைத்தியம் இருந்தது. உப்பு படியப் போகிற பாத்தியில் நிற்கும் கெட்டித் தண்ணீரில் காயம்பட்ட காலை வைத்து, எரிச்சல் அடங்கும் வரை நிற்பார்கள். பிறகு ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். உப்புத் தண்ணீர் பட்ட புண் சீழ் வைக்காது என்பது அவர்கள் வேதம். பெரும்பாலும் அது பலிக்கவும் செய்ததுதான் வினை. பலிக்காத நம்பிக்கையை ஒருநாள் விட்டுவிடலாம், பலித்துக்கொண்டே இருப்பதை எப்படி விடுவது?

சுனாமி வந்து போன கொஞ்ச நாளில் நர்சம்மா ஒருவர் ஊசிப் பெட்டியோடு அளத்துப் பக்கம் வந்தார். கடற்கரைக் குப்பங்களில் எல்லோருக்கும் ரணஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு, தடுப்பு ஊசி போட்டாயிற்று, நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அம்சவல்லி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "உப்புலயே ஊறுனவளுக்கு ஊசி எதுக்குங்க? ஊறுகா எங்கனா கெட்டுப் போவுமா?" என்றாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் அப்படியே கலைந்தும் போனார்கள். நர்சம்மா பெட்டியை மூடிக்கொண்டு திரும்பினார்.

அலை கொண்டுவந்து கொட்டிய பலகையும் வலையும் சேறும் பாத்திகளில் கிடந்தன. அதையெல்லாம் அள்ளிப் போட்டால்தான் அந்த வருஷம் உப்பு. அள்ளும்போது, உடைந்த படகுப் பலகை ஒன்றின் ஆணி அம்சவல்லியின் குதிகாலில் ஆழமாக ஏறியது. அவள் ஆணியைப் பிடுங்கி எறிந்தாள், கெட்டித் தண்ணீரில் காலை வைத்தாள், துணி சுற்றினாள், வேலைக்குத் திரும்பினாள். மேலே தோல் அழகாக மூடிக்கொண்டது. சீழ் இல்லை, வீக்கம் இல்லை. "பாத்தியா, எப்பிடி ஆறிடுச்சு!" என்று என்னிடமே காலைத் தூக்கிக் காட்டினாள்.

ரணஜன்னிக் கிருமி சாதாரணக் கிருமி இல்லை. தனக்கு ஒத்துவராத இடத்தில் கெட்டியான ஓடு ஒன்றைக் கட்டிக்கொண்டு அதற்குள் தூங்கிவிடும். வெயிலோ உப்போ அதை ஒன்றும் செய்யாது. காற்றுப் புகாத இடம் கிடைத்தால் விழித்துக்கொள்ளும். தோல் மூடிய ஆழமான குத்துக்காயத்தைவிட அதற்கு வசதியான வீடு வேறு எது?

பிறகு ஒரு காலையில் சேட்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். டீ கேட்காமலே பேசினான். "டீச்சர், அவளுக்கு வாய் தொறக்க மாட்டேங்குது."

ஓடினேன். அம்சவல்லி பாயில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. புருவம் மேலே ஏறி, உதடு இரண்டு பக்கமும் இழுத்து, பல் வரிசை முழுக்கத் தெரிந்தது. கண்ணில் மட்டும் சிரிப்பு துளியும் இல்லை, பயம் இருந்தது. எதிரில் பூசாரி வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தார். தனகோடி கைகட்டி நின்றார். "அலைல போனவங்க ஆவி அளத்துல சுத்துது. இவளைப் புடிச்சிடுச்சு. பாரு, எப்பிடி சிரிக்குது!" என்றார்.

பூசாரி வேப்பிலையால் அவள் தோளில் அடித்தார். அடி பட்ட மாத்திரத்தில் அவள் முதுகு பின்பக்கமாக வளைந்து விறைத்தது. நான் போட்ட சத்தத்தில் பூசாரி எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். என்ன சொன்னேன் என்று இப்போது எழுத முடியாது, டீச்சர் சொல்லக்கூடிய வார்த்தைகள் இல்லை. சேட்டுவின் கையைப் பிடித்து இழுத்து வேன் பிடிக்க அனுப்பினேன். ஊர் டாக்டர் பார்த்தவுடன் உட்காரக்கூட இல்லை, நேரே பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோங்கள் என்று எழுதிக் கொடுத்தார். ஈசிஆரில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் உடம்பு வில்லாக வளைந்தது. கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது எனக்கு ஓதத் தெரிந்த துஆ எல்லாம் தீர்ந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்திருந்தேன்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் அவளை இருட்டறை ஒன்றில் போட்டார்கள். வெளிச்சம் படக்கூடாது, சத்தம் கூடாது, யாரும் தொடக்கூடாது. கதவு தட்டினால்கூட உடம்பு முறுக்கிக்கொள்ளும். டாக்டர் காசிலிங்கம் இளவயசுக்காரர், கண்ணுக்குக் கீழே கருவளையம். "புத்தி தெளிவா இருக்கு, நாம பேசறது எல்லாம் அவங்களுக்குக் கேக்கும். அதுதான் இந்த நோயோட கொடுமை" என்றார்.

"விஷம் உள்ள என்னதான் பண்ணுது டாக்டர்? எனக்குப் புரியணும்" என்று கேட்டேன். நான் உயிரியல் டீச்சர் என்று தெரிந்ததும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்று அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

கையை மடக்கினால் முன்பக்கத் தசை இழுக்கிறது. அதே நேரம் பின்பக்கத் தசை விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கை மடங்காது. இழு என்று சொல்ல நரம்பு இருப்பதுபோல, விடு என்று சொல்லவும் முதுகுத்தண்டில் நரம்பு இருக்கிறது. அது வாயால் சொல்வதில்லை. தன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத குட்டிக்குட்டிப் பைகளில் ஒரு மருந்தை நிரப்பி வைத்திருக்கிறது. விடச் சொல்ல வேண்டிய நேரத்தில் பை நரம்பின் சுவரோடு ஒட்டி, பையின் தோலும் சுவரின் தோலும் ஒரே தோலாகி, நடுவில் வாய் திறந்து, மருந்து வெளியே கொட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் இரண்டு தோலும் சும்மா ஒட்டாது. எண்ணெய்ப் பசையுள்ள தோல்கள், நடுவில் தண்ணீர். கிட்டே வந்தால் ஒன்றையொன்று தள்ளும். அவற்றை ஒட்ட வைப்பது புரதங்கள். பையின் மேல் ஒரு புரத இழை நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சினாப்டோபிரெவின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதைச் சொல்லிப் பார்க்க வைத்தவருக்குப் பல் எல்லாம் இருந்திருக்க வேண்டும். சுவரின் பக்கமிருந்து வேறு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டு பக்கத்து இழைகளும் நுனியில் தொட்டு, கயிறு திரிப்பதுபோல ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டே அடிவரை வரும். முறுக்கு ஏற ஏறப் பை சுவரை நோக்கி இழுபடும். கடைசி முறுக்கில் தோல்கள் வேறு வழியில்லாமல் கலந்துவிடும். நரம்பில் மட்டும் இல்லை, கணையம் இன்சுலினை வெளியே விடுவதும் இதே கயிற்று வேலையால்தான். உயிரோடு இருப்பது என்றால் உள்ளே இந்த முறுக்கு ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஆணி குத்திய இடத்தில் பிறந்த விஷம் நரம்பு வழியாகவே மெல்ல ஏறி முதுகுத்தண்டுக்குப் போகிறது. போய், விடு என்று சொல்லும் நரம்பாகப் பார்த்து உள்ளே நுழைகிறது. நுழைந்து, அந்தப் பையின் இழையை மட்டும் வெட்டுகிறது. மருந்து இருக்கிறது, பை இருக்கிறது, சுவர் இருக்கிறது. கயிறு மட்டும் இல்லை. விடு என்ற சொல் கிளம்பாமல் உள்ளேயே கிடக்கிறது, உடம்பின் எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இழுக்கிறது. அவள் முகத்தில் தனகோடி ஆவி என்று பார்த்த சிரிப்பு அதுதான்.

"இதுக்கு மருந்து?" என்றேன்.

"வெளிய சுத்துற விஷத்தைப் பிடிக்க மருந்து குடுத்துட்டோம். நரம்புக்குள்ள பூந்ததை ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா நரம்பு சாகல மேடம். புது இழை செய்யும், புது நுனி விடும். அதுக்கு வாரக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் அவங்க மூச்சு நிக்காம நாங்க பாத்துக்கணும். பொழைப்பாங்கன்னு சத்தியம் பண்ண மாட்டேன். இங்க இருந்தா வாய்ப்பு இருக்கு. வீட்டுக்குப் போனா இல்ல."

அதைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். இங்கே இருந்தால் வாய்ப்பு இருக்கிறது. அவளுக்கு வேண்டியதெல்லாம் நாள்தான். நாளைக் கொடுக்க வேண்டியவர் தனகோடி.

முதல் சில நாட்கள் அவர் பொறுத்தார். உள்ளே அவள் முறுக்கிக்கொள்ளும்போது கட்டில் ஆடும் சத்தம் வராந்தாவரை கேட்கும். சேட்டு காதைப் பொத்திக்கொள்வான். ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லோரும் ஒரே பாட்டு பாடினார்கள். ரணஜன்னி வந்து பிழைத்தவன் எவன்? நல்லபடியா வீட்டுக்குக் கொண்டுபோங்கள், சொந்தக் கூரையின் கீழ் உயிர் போகட்டும். ஒருநாள் மதியம் நான் பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தபோது, ஆஸ்பத்திரி வாசலில் ஊர் வேன் நின்றது. பின்சீட்டைக் கழற்றிப் பாய் விரித்திருந்தார்கள்.

வராந்தாவில் தனகோடியை மறித்தேன்.

"டாக்டர்கிட்ட சொல்லிட்டோம். எங்க பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்" என்றார்.

"ஏங்க, உயிரோட இருக்குறவளை எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க?"

"உயிரோட இருக்கும்போதே போனாதாம்மா உண்டு. இங்க செத்தா பாண்டிச்சேரி பார்டர் தாண்டி பொணத்த எடுத்துட்டு வர்றது லேசா? அந்த சர்டிபிகேட், இந்த சர்டிபிகேட்னு நாயா அலைய வுடுவான். அவ படற பாட்டை என்னால பாக்கவும் முடியல."

அந்த மனுஷர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள், ஆனால் பிணம் பிணம் என்று இவர் சொல்லச்சொல்ல, கதவுக்கு அந்தப் பக்கம் அவள் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். நான் குரலைத் தணித்து, இழை அறுந்த கதையை எனக்குத் தெரிந்த எளிய தமிழில் அவருக்குச் சொன்னேன். உடம்பு புதுசாகத் திரித்துக்கொள்ளும், நாள் மட்டும் கொடுங்கள் என்றேன்.

அவர் சேட்டுவைப் பார்த்து, "டீச்சரம்மா நல்லா கயிறு திரிக்குது" என்றார்.

"நான் திரிக்கலீங்க. அவ உடம்பு திரிக்கணும். அதுக்குள்ள நீங்க அவளை வேன்ல போட்டு ஆட்டி சாவடிக்காதீங்க."

"நீ பாய் வூட்டுப் பொண்ணு. எங்க வூட்டு சாவுல உனக்கு இன்னாம்மா வேலை?"

"சாவுல எனக்கு வேலை இல்ல. அது நடக்கக் கூடாதுன்னுதான் நிக்கிறேன்."

பேச்சு முடிந்தது என்பதுபோல் அவர் என்னைத் தாண்டிக் கதவைத் திறந்தார். சேட்டுவும் கூட வந்த இரண்டு பேரும் பின்னால் போனார்கள். நானும் நுழைந்தேன். திறந்த கதவின் வெளிச்சம் பட்டதுமே அம்சவல்லியின் கழுத்து பின்னால் இழுத்தது. டாக்டர் காசிலிங்கம் கட்டில் பக்கம் நின்றார். "ஒருதரம் நல்லா யோசிங்க ஐயா" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் அவர் கையில் எதுவும் இல்லை.

தனகோடி தலைப்பக்கம் குனிந்து, "வூட்டுக்குப் போலாம்மா" என்றார்.

அம்சவல்லி கண்ணைத் திருப்பி அவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேச முயன்றாலே என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். முந்தைய நாள் தண்ணீர் கேட்கப் போய், முதுகு கட்டிலைவிட்டு எழும்பி, மூச்சு நின்று, முகம் நீலமாகி மீண்டவள். பேசவே பேசாதீர்கள் என்று டாக்டர் கெஞ்சியிருந்தார். தெரிந்துதான் பேசினாள். இறுகிய பல்லுக்கு நடுவில் காற்றைத் தள்ளி, "வர்ல" என்றாள்.

உடனே பிடித்துக்கொண்டது. தலையும் குதிகாலும் மட்டும் படுக்கையில் பட, நடுவுடம்பு முழுக்க மேலே எழும்பி நின்றது. தூக்க வந்த இருவரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். டாக்டர் ஊசியைக் குழாயில் ஏற்றினார். முறுக்கு மெல்ல இறங்கியது. கண்ணின் ஓரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அவள் மூச்சைச் சேர்த்துக்கொள்வது தெரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் அம்சா என்று கத்த நினைத்தேன், கத்தினால் அந்தச் சத்தமே அவளைக் கொன்றுவிடும்.

"வர்ல" என்றாள் மறுபடியும். இந்தத் தடவை சேட்டுவைப் பார்த்து.

இரண்டாவது முறுக்கு முதலாவதைவிட மோசம். அது நடந்துகொண்டிருக்கும்போதே தனகோடி, "புடிங்கடா, சீக்கிரம்" என்று அவள் படுத்திருந்த துணியின் ஒரு முனையைப் பிடித்தார். சேட்டு அண்ணன் கையின் மேல் தன் கையை வைத்தான்.

"வுடுங்க அண்ணே."

"டேய்..."

"அவ வர்லங்கிறா. வுடுங்க."

தனகோடி தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை பிறந்தது முதல் தன்னிடம் சொல்லாத வார்த்தை அது. துணியை விட்டார். வெளியே போய், வேனில் ஏறி, காலியாகவே ஊருக்குப் போனார்.

அன்றே அவளுக்குத் தொண்டையில் துளை போட்டு மூச்சு மெஷினில் மாட்டினார்கள். தசைகளைத் தளர்த்தும் மருந்தும் தூக்க மருந்தும் ஓடிக்கொண்டே இருந்தன. அதற்குப்பின் அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை, நாங்கள் செய்வதற்கும் இல்லை. உள்ளே ஒவ்வொரு நரம்பு நுனியிலும் யாருக்கும் கேட்காமல் வேலை நடக்க வேண்டும். நான் வாரக் கடைசிகளில் பஸ் பிடித்துப் போவேன். சேட்டு வராந்தாவைவிட்டு அசையவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கேட்பான். "கயிறு எவ்ளோ திரிஞ்சிருக்கும் டீச்சர்?"

"பாதி இருக்கும்பா" என்பேன். எனக்கு எப்படித் தெரியும்? அவனுக்குத் தேவையான பதில் அது, கொடுத்தேன். துபாயிலிருந்து என் வீட்டுக்காரர் அஷ்ரப், "அடுத்தவங்க குடும்ப விஷயத்துல நீ எதுக்கு?" என்று போனில் கேட்டார். "இந்தக் குடும்பத்துல இப்ப ஆளு பத்தல" என்றேன். அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை. மெஷினைக் கழற்றியிருந்தார்கள். அறையில் ஜன்னல் திறந்திருந்தது, அதைப் பார்த்ததுமே எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் ஒரு கரண்டியைக் கீழே தவறவிட்டதுபோல் போட்டுக் காட்டினார். கணீர் என்று சத்தம். அம்சவல்லியின் உடம்பு அசையாமல் படுத்திருந்தது. கண்ணிமை மட்டும் அடித்துக்கொண்டது, நம் எல்லோருக்கும் அடிப்பதுபோல. விடு என்ற சொல் போய்ச் சேர்ந்துவிட்டது. உள்ளே பைகள் சுவரோடு மறுபடி கலக்கத் தொடங்கிவிட்டன. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் பூட்டிக்கொண்ட நேரத்திலும் இரண்டு தரம் பேசிப் பிழைத்தவள் இவள் ஒருத்திதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவள் கையில் தடுப்பு ஊசி போட வந்தார். "அதான் வந்து போயிடுச்சே, இன்னும் எதுக்கு?" என்று கரகரத்த குரலில் சண்டைக்கு நின்றாள். டாக்டர் சொன்னார்: "அம்மை மாதிரி இல்லம்மா இது. ஆளையே கொல்ற அளவு விஷம்கூட, உடம்பு அடையாளம் கண்டு ஞாபகம் வெச்சுக்கிற அளவுக்கு இல்ல. அவ்ளோ கொஞ்சம். நாளைக்கே இன்னொரு ஆணி குத்தினா திரும்பவும் வரும்." அம்சவல்லி, "இத்துனூண்டு விஷமா என்ன அந்தப் பாடு படுத்துச்சு?" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டினாள். அடுத்தடுத்த ஊசிகளுக்கும் தேதி தவறாமல் போனாள்.

ஆனால் தனகோடியிடம் மட்டும் பேசவில்லை. அவர் திண்டிவனம் போய் ஆரஞ்சு வாங்கி வந்தார், அவள் ஒன்றைக்கூட எடுத்து உரிக்கவில்லை. ஒரே தெரு, ஒரே அளம். எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சேட்டு இரண்டு பேருக்கும் நடுவில் தவித்தான். "பெரியவரு, பாவம், வுடேன்" என்று நான்கூட ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "நீ வாய மூடு. கட்டில்ல படுத்துக்கினு என் பொணத்தைப் பத்தி கேட்டது நானு, நீ இல்ல" என்றாள். மூடிக்கொண்டேன்.

2006இல் அளம் தொடங்கியதும் முதுகு இன்னும் சரியாக நிமிராத நிலையில் வேலைக்குப் போனாள். போன வேகத்தில் ஊர் ஆஸ்பத்திரிக்கும் நடையாய் நடந்து, அந்த நர்சம்மாவை ஊசிப் பெட்டியோடு வரப்புக்கே அழைத்து வந்துவிட்டாள். சனிக்கிழமை என்பதால் நானும் போயிருந்தேன். வரப்பில் மேஜை போட்டாயிற்று. ஒருவரும் வரவில்லை. பாத்திக்குள் நின்றபடியே ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அவர்கள் எல்லோரும் உண்மையில் பார்த்தது தனகோடியை. அவர் இறங்கினால் இறங்குவார்கள், ஏறினால் ஏறுவார்கள்.

அம்சவல்லி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கி நேராக அவர் முன்னால் போய் நின்றாள். வருஷம் ஒன்றாகப் போகிறது, அவர் முகத்தைப் பார்த்து. தனகோடிதான் முதலில் பேசினார்.

"இன்னும் கோவம் தீரலியாம்மா? உன்ன சாவடிக்கணும்னா நெனச்சோம்? பயந்துட்டோம். அவ்ளோதான்."

"நான் செத்துடுவேன்னு பயந்திருந்தா அங்கயே குந்தியிருப்பீங்க, பெரிய மாமா. சாவறதுக்கு இவ இவ்ளோ நாள் எடுத்துக்கிறாளேன்னு பயந்தீங்க."

அளம் முழுக்கக் கேட்டது. அவள் விடவில்லை.

"இப்ப கேட்டுக்கோங்க. ஊசி போடாம நாளைக்கு நீங்க விறைச்சுப் படுத்தீங்கன்னா, நான் உங்கள வூட்டுக்கு எடுத்துட்டு வர மாட்டேன். எத்தினி மாசம் ஆனாலும் அங்கயேதான் வெச்சிருப்பேன். ஊரே வந்து வேன் புடிச்சாலும் தர மாட்டேன். நீங்களே போறேன்னு அழுதாலும் வுட மாட்டேன், மாமா."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்துவிட்டது. பொது இடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அழுததற்காக இன்னும் கோபமாக அவரை முறைத்தாள்.

தனகோடி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பாத்தியைவிட்டு ஏறி, நர்சம்மாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்று, சட்டைக் கையைச் சுருட்டினார்.